டக் படகு சும்மாவா நிற்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜன்னலில் இருந்து துறைமுகம் தெரிகிறது, டக் படகுகளும் (பெரிய கப்பலை இழுத்தும் தள்ளியும் உதவுகிற சின்னப் படகுகள்) பார்ஜுகளும் (என்ஜின் இல்லாத சரக்குப் படகுகள்) போவதையும் வருவதையும் மணிக்கணக்காகப் பார்க்கிறீர்கள். ஆனால் ஒரு பெரிய கப்பலைச் சுற்றி மூன்று டக் நிற்கும்போது எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று பிடிபடவில்லை. அதில் ஒன்றாவது வேலை செய்யாமல் கூடவே போகிற மாதிரி தெரிகிறது, 'இதற்கு எதற்கு இத்தனை?' என்று தோன்றுகிறது. பார்ஜைப் பற்றித் தனியாக ஒரு சந்தேகம்: சிலதை நீளக் கயிற்றில் இழுத்துப் போகிறார்கள், சிலதை இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்ட மாதிரி பக்கத்தில் கட்டிக்கொண்டு போகிறார்கள், ஏன்? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். எங்கே பார்த்தால் வேலை தெரியும் என்பதுதான் அது.

என்னைப் பற்றி ஒரு வரி. டக்கில் மேல்தளத்தில் வேலை செய்யும் டெக் ஆளாகச் சேர்ந்து, மேட் என்ற துணை அதிகாரி ஆகி, கடைசிப் பதினோரு வருடம் படகின் தலைவரான மாஸ்டராக ஓட்டினேன். துறைமுக வேலை கைக்குள் இருக்கிற விஷயம். ஆழ்கடல் இழுவை நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆற்றில் பார்ஜுகளைக் கூட்டமாகத் தள்ளுகிற படகில் விருந்தாளியாகத்தான் ஏறியிருக்கிறேன், ஓட்டியதில்லை, அதனால் அங்கே மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

முதலில் ஒரு பழக்கம். டக்கைப் பார்க்காதீர்கள். டக்கில் இருந்து கப்பலுக்குப் போகும் கயிற்றைப் பாருங்கள், அப்புறம் டக்கின் அடியில் இருந்து கிளம்பும் தண்ணீரைப் பாருங்கள். படகு அசையாமல் நிற்பதால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, பல சமயம் நேர் எதிர். கயிறு கம்பி மாதிரி நேராக நின்றால் அதில் பாரம் இருக்கிறது. நனைந்த கயிற்றில் பாரம் ஏறும்போது இழைகளில் இருந்து தண்ணீர் பிழிந்து தூறலாகத் தெறிப்பதை ஒரு சாதாரண பைனாகுலரிலேயே பார்க்கலாம். கயிறு வயிறு போட்டுத் தொங்கினால் இந்த நிமிடம் இழுக்கவில்லை. அப்போது டக்கின் மூக்கு கப்பலின் பக்கத்தில் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள், அழுந்தியிருந்து டக்கின் பின்னால் வெள்ளை நுரை கொப்பளித்தால் தள்ளுகிறது. இழுக்கும்போது இது தலைகீழாகும்: நுரை டக்கின் அடியில் புகுந்து கப்பலை நோக்கிப் போய் அதன் பக்கத்தில் அடிக்கும். அப்படி அடிக்கிற தண்ணீர் கப்பலைத் திரும்பத் தள்ளுவதால் இழுத்த இழுப்பில் ஒரு பங்கு வீணாகும். அதனால்தான் இடம் இருந்தால் கயிற்றைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இழுப்பார்கள். இதுவரை சொன்னது கரையில் இருந்தே உறுதியாகப் படிக்கக்கூடியது. தண்ணீரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காபி நிறத்தில் கலங்கினால் 'அடேங்கப்பா, முழு சக்தி' என்று தோன்றும், ஆனால் அடியில் ஆழம் குறைவாக இருந்தால் அரை சக்திக்கே சேறு கிளம்பிவிடும்.

இப்போது 'சும்மா நிற்கிற' டக்குக்கு வருகிறேன். டக் என்றாலே கப்பலை நகர்த்துகிற படகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நகர்த்துவது சின்ன பாதி. கப்பலுக்கே என்ஜின் இருக்கிறது, அது தானாகப் போகும். கப்பலால் தானாகச் செய்ய முடியாதது நிற்பதும், பக்கவாட்டில் நகர்வதும், மெதுவாகப் போகும்போது சொன்ன பேச்சைக் கேட்பதும்தான். சுக்கான் வேலை செய்ய அதன் மேல் தண்ணீர் ஓட வேண்டும், வேகம் குறையக் குறைய சுக்கான் வெறும் இரும்புத் தகடு. பெர்த்துக்கு, அதாவது கப்பல் வந்து நிற்கும் மேடைக்கு, வருவது என்றால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆக, மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் கப்பல் தன் கட்டுப்பாட்டை இழந்துகொண்டே வருகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் டக்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,00,000 டன் எடையுள்ள கப்பல் 1 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு அரை மீட்டர், நீங்கள் மெதுவாக நடப்பதைவிடக் குறைவாக, நகர்கிறது. பின்னால் இருக்கும் டக் 60 டன் விசையோடு முழுசாக இழுக்கிறது. நிற்க ஏறக்குறைய 85 விநாடி ஆகும், அதற்குள் 20 மீட்டர் போயிருக்கும். வேகம் 2 நாட் என்றால் நேரம் இரட்டிப்பு, தூரம் நான்கு மடங்கு, 80 மீட்டருக்கு மேல். கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீரின் எடையை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் மோசம். பெரிய கப்பல் பெர்த்தில் மோதலைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் ஃபெண்டரைத் தொடும்போது அதன் பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும், அதற்குமேல் போனால் ஃபெண்டரும் கப்பலின் தகடும் கணக்குக் கேட்கும். எனவே பின்னால் கயிறு தளர்ந்து 'கூடவே வருகிற' டக், பிரேக் மிதியின் மேல் காலை வைத்திருக்கிற டிரைவர். மிதிக்கவில்லை என்பதற்காகக் காலை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்ல முடியுமா?

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் பெட்டி ஏற்றிய கப்பலின் பக்கவாட்டுப் பரப்பு 10,000 சதுர மீட்டர் என்று வைத்தால், விநாடிக்கு 10 மீட்டர் காற்று, அதாவது கொடி நன்றாகப் படபடக்கிற காற்று, ஏறக்குறைய 60 டன் விசையோடு அதைத் தள்ளும். ஒரு நல்ல டக்கின் முழு இழுப்பு அது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 14 மீட்டர் ஆனால் இரண்டு டக். 'காலையில் இரண்டு டக்கோடு வந்த அதே கப்பலுக்கு மதியம் ஏன் நான்கு?' என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம், ஆனால் அன்றைய குறிப்பிட்ட கப்பலுக்கு இதுதான் என்று ஜன்னலில் இருந்து அடித்துச் சொல்ல முடியாது. எத்தனை டக் என்பதைத் துறைமுக விதி, பைலட்டின் (கப்பலில் ஏறித் துறைமுகத்துக்குள் வழிகாட்டுபவர்) மதிப்பீடு, கப்பலுக்குத் தானே பக்கவாட்டில் நகர முகப்பில் த்ரஸ்டர் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, உள்ளே என்ன சரக்கு என்று பல விஷயம் சேர்ந்து முடிவு செய்யும். த்ரஸ்டர் பழுது என்று ஒரு வரி பைலட்டிடம் சொன்னாலே ஒரு டக் கூடிவிடும்.

டக் ஏன் பின்னோக்கி ஓடுகிறது, அதுவும் வருகிற கப்பலின் மூக்குக்கு நேர் முன்னால், என்பது நியாயமான கேள்வி. பழைய டக்கில் விசிறியும் (ப்ரொப்பெல்லர்) சுக்கானும் பின்னால், இழுவைக் கொக்கி நடுவில். அது முன்னோக்கித்தான் நன்றாக ஓடும். இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான துறைமுக டக்கில் பின்புறம் அடியில் இரண்டு விசிறிகள், ஒவ்வொன்றும் வளையக் குழாய்க்குள் இருந்தபடி 360 பாகையும் திரும்பும். சுக்கானே கிடையாது. முன்னால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் பெரிய வின்ச், வேலை முழுக்க மூக்குப் பக்கம். முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில், நின்ற இடத்தில் சுற்றி, எப்படி வேண்டுமானாலும் போகும். இன்னொரு வகையில் விசிறியே இல்லை, படகின் முன்பாதியில் அடியில் ஒரு தட்டில் இருந்து செங்குத்தாகக் கத்தி மாதிரி இதழ்கள் தொங்கிச் சுற்றும், இதழின் கோணத்தை மாற்றினால் விசையின் திசை மாறும். 1920-களில் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் வடிவமைத்து வோய்த் நிறுவனம் செய்த அமைப்பு அது. அந்த டக்குகள் கப்பலுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வேலை செய்யும். கரையில் இருந்து இந்த இரண்டையும் பிரிக்க எளிய வழி, கயிறு படகின் எந்தப் பக்கத்தில் இருந்து கிளம்புகிறது என்பதுதான். மூக்கில் இருந்தா, பின்புறத்தில் இருந்தா? எப்போதும் சரியாக வராது, ஆனால் பத்துக்கு எட்டுத் தடவை வரும்.

நீளம் 25 முதல் 32 மீட்டர் வரை, இழுப்பு 50 முதல் 80 டன் வரை என்பது இன்றைய துறைமுக டக்கின் வழக்கமான அளவு. அந்த இழுப்பை அளப்பது எப்படி என்று தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும். கரையில் இருக்கும் போலார்ட் என்ற உறுதியான தூணில் கயிற்றை மாட்டி, நடுவில் ஒரு அளவியை வைத்து, டக்கை முழு சக்தியில் இழுக்க விடுவார்கள். படகு ஓர் அங்குலம் நகராது, பின்னால் தண்ணீர் கொதிக்கும், அளவி எண்ணைக் காட்டும். டக் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், குதிரைத்திறனை அல்ல.

நேரம் கிடைத்தால் கயிறு கட்டுகிற அந்த மூன்று நிமிடத்தைத் தவற விடாதீர்கள். கப்பல் 6 நாட் வேகத்தில் வந்துகொண்டே இருக்கும், நிற்காது. டக் அதன் அருகே போய் அதே வேகத்தில் ஒட்டி ஓடும். பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் இருந்து கப்பல் ஆள் ஒரு மெல்லிய கயிற்றை வீசுவான். டக்கின் டெக் ஆள் அதைப் பிடித்து, ஓடிப்போய்ப் பெரிய கயிற்றின் முன்னோடிக் கயிற்றில் கட்டிக் கையைத் தூக்குவான். மேலே இழுப்பார்கள், பெரிய கயிற்றின் கண் கப்பலின் இரும்புத் தூணில் விழும், அதன் பிறகு டெக்கில் ஒருவரும் நிற்கக் கூடாது. என் முதல் வருடத்தில் நான் நின்றேன். கயிறு அறுந்துபோகவில்லை, ஆனால் வின்ச் ஒரு தடவை உதறியதில் அது என் தலைக்கு ஒரு முழம் மேலே போனது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, அன்று முழுவதும் என்னைப் பார்க்கவே இல்லை, அதுதான் உறைத்தது. நைலான் கயிறு நீண்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும், கால் போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது பல டக்குகளில் உள்ள செயற்கை இழைக் கயிறு எஃகு வடத்துக்கு நிகரான வலுவோடு எடையில் ஏழில் ஒரு பங்கு அளவுதான், தண்ணீரில் மிதக்கும், அதிகம் நீளாது. அதனால் சாட்டையடி குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

அந்த மூன்று நிமிடத்தில் நீங்கள் பார்க்க முடியாத ஒன்றும் நடக்கிறது. ஓடுகிற கப்பலின் மூக்கில் தண்ணீர் பிதுங்கி வெளியே தள்ளும், தோள்பட்டையைத் தாண்டியதும் உள்ளே உறிஞ்சும். பக்கத்தில் போகிற சின்னப் படகு இரண்டையும் மாறி மாறி வாங்கும். வேகத்தின் வர்க்கத்தில் இதுவும் ஏறும், 6 நாட்டில் இருப்பதைவிட 8 நாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம். அதனால்தான் பைலட் ஒருவர் 'இன்னும் கொஞ்சம் வேகமாகவே வருகிறேனே' என்றால் டக் மாஸ்டருக்கு முகம் சுருங்கும். மூக்கின் அடியில் உறிஞ்சப்பட்டுக் கப்பலுக்குக் குறுக்கே போய்விட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

பழைய வகை டக்குக்கு இதைவிடப் பெரிய எமன் உண்டு. கொக்கி நடுவில் இருக்கிறது, கயிறு பின்னோக்கிப் போகிற வரை சரி. கப்பல் திடீரென்று முந்தினாலோ திரும்பினாலோ கயிறு டக்கின் பக்கவாட்டுக்கு வந்துவிடும். அப்போது கயிறு டக்கை இழுப்பதில்லை, கவிழ்க்கிறது. சில விநாடிகள்தான், கதவு திறந்திருந்தால் தண்ணீர் புகுந்துவிடும், உள்ளே இருப்பவர் வெளியே வர நேரம் இருக்காது. அதற்காகவே கொக்கியைச் சட்டென்று விடுவிக்கும் பொத்தானும், கயிற்றைப் பின்புறத்தோடு பிணைத்து வைக்கும் இன்னொரு கயிறும் உண்டு. புதுவகை டக்குகளில் கயிறு படகின் முனையில் இருந்தே கிளம்புவதால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சில டாங்கர்களோடு, அதாவது எண்ணெய்க் கப்பல்களோடு, துறைமுகத்துக்கு வெளியே பல மைல் தூரத்துக்கு ஒரு டக் பின்னால் கயிறு போட்டே வரும், கயிறு தொய்ந்தே இருக்கும். அது துணைக்கு வருவது. கப்பலின் சுக்கான் ஒருபக்கமாக மாட்டிக்கொண்டால், டக் தன் உடம்பையே ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே சாய்த்துக் காட்டும், தண்ணீர் அந்த உடம்பில் அறைந்து தருகிற விசை கயிறு வழியாகக் கப்பலின் பின்புறத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். 8, 10 நாட் வேகத்தில் அந்த விசை என்ஜின் தரும் இழுப்பைவிட அதிகமாக இருக்கலாம். பயிற்சியில் டக் ஒருபக்கமாகச் சாய்ந்து டெக் ஓரம் தண்ணீரைத் தொடுவதைப் பார்த்தால் விபத்து என்று பதறாதீர்கள். இந்தத் துணைப் பழக்கம் வலுத்தது 1989 மார்ச் 24-இல் எக்ஸான் வால்டெஸ் என்ற டாங்கர் அலாஸ்காவில் பாறையில் ஏறி ஏறக்குறைய 37,000 டன் கச்சா எண்ணெயைக் கடலில் விட்ட பிறகு. அடுத்த வருடம் வந்த அமெரிக்கச் சட்டம் அந்த நீர்ப்பகுதியில் ஒற்றைச் சுவர் டாங்கருக்குக் குறைந்தது இரண்டு டக் துணை வேண்டும் என்றது.

இதன் மறுபக்கமாக 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்லலாம். டாலி என்ற பெட்டிக் கப்பலைப் பெர்த்தில் இருந்து இரண்டு டக்குகள் வெளியே எடுத்துவிட்டு, வழக்கம்போலக் கழற்றிக்கொண்டு திரும்பின. அதன் பிறகு கப்பலில் மின்சாரம் போனது, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். 'டக் கூடவே போயிருந்தால்?' என்று அன்றிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். டக்குகள் விட்டுப்போனது வழக்கமான நடைமுறை என்பது உறுதி. கூட இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்பது ஊகம். பக்கத்தில் ஓடுவது போதாது, கயிறு கட்டியிருக்க வேண்டும், சரியான இடத்தில் கட்டியிருக்க வேண்டும், மேலே கொடுத்த கணக்கின்படி நேரமும் வேண்டும். என் சொந்தக் கருத்து, பாலம் தாண்டும் வரை பின்னால் ஒரு டக் கட்டியே போவது வீண் செலவு இல்லை. ஆனால் அது கருத்துதான்.

சக்தி இருந்தால் எல்லாம் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற பெட்டிக் கப்பல் குறுக்கே சிக்கியபோது வந்த டக்குகளில் ஒன்றான ஆல்ப் கார்டின் இழுப்பு மட்டும் 285 டன். அப்படியும் ஏறக்குறைய 30,000 கன மீட்டர் மணலைத் தோண்டி, பௌர்ணமிப் பெருக்கு வரை காத்திருந்த பிறகுதான், ஆறு நாள் கழித்து, கப்பல் கிளம்பியது. தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் டக் இழுக்கும்.

சரி, பார்ஜ். பார்ஜுக்கு என்ஜின் இல்லை, பெரும்பாலும் ஆளும் இல்லை, பிரேக் சுத்தமாக இல்லை. வெளிக்கடலில் அதை நீளமான எஃகு வடத்தில் இழுப்பார்கள், பார்ஜின் மூக்கில் இரண்டு சங்கிலி சேர்ந்து முக்கோணமாக வரும், அங்கே வடம் மாட்டும். வடம் நேராக நிற்கவே கூடாது. நடுப்பகுதி தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தொய்வுதான் ஸ்பிரிங். அலையில் டக் முன்னே பாயும்போது தொய்வு குறைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆக, கப்பலுக்குக் கட்டிய கயிற்றில் தொய்வு என்றால் ஓய்வு, பார்ஜின் வடத்தில் தொய்வு என்றால் எல்லாம் சரியாக நடக்கிறது.

ஆனால் இழுத்துக்கொண்டே துறைமுகத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? டக் நின்றால் பார்ஜ் நிற்காது. மூவாயிரம் டன் சரக்கோடு பின்னால் வந்து டக்கின் மேல் ஏறும். அதனால் வாசலுக்கு வெளியிலேயே வடத்தைச் சுருட்டிக் குறைத்து, அலை அடங்கிய இடத்தில் டக் சுற்றிவந்து பார்ஜின் பக்கத்தில் ஒட்டி, நீங்கள் சொன்ன மாதிரி இடுப்பில் எடுத்துக்கொள்ளும். நான் பார்வையாளனாக இருந்தால் இதற்குத்தான் முதல் டிக்கெட் வாங்குவேன். டக் நடுவில் கட்டாது, பார்ஜின் பின்மூலையில் கட்டும், டக்கின் பின்புறம் பார்ஜின் பின்புறத்தையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பைனாகுலரில் இதைச் சரிபாருங்கள். விசிறியில் இருந்து வரும் தண்ணீர் பார்ஜில் அடிக்காமல் போகவும், திருப்பும் விசை முடிந்த அளவு பின்னால் இருக்கவும் அப்படி. கயிறு மூன்று: ஒன்று டக்கின் மூக்கில் இருந்து பின்னோக்கிப் போய்ப் பார்ஜை முன்னே இழுக்கும், ஒன்று முன்னோக்கிப் போய் நிறுத்தும்போது பாரம் வாங்கும், ஒன்று பின்புறத்தை ஒட்டிப் பிடிக்கும். மூன்றையும் வின்ச்சில் முறுக்கி முறுக்கி இறுக்குவார்கள், இறுக்கியதும் இரண்டும் ஒரே உடம்பு. கொஞ்சம் தளர்ந்தாலும் டக் ஒரு பக்கம், பார்ஜ் ஒரு பக்கம்.

எந்தப் பக்கத்தில் கட்டுவது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். டக் வலப்பக்கம் இருந்தால் முன்னே தள்ளும்போது பார்ஜின் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும், பின்னே இழுக்கும்போது வலப்பக்கம், அதாவது டக் இருக்கிற பக்கம், திரும்பும். பெர்த் எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து, கடைசியில் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே யோசித்துக் கட்டியிருந்தால், கடைசி நிமிடத்தில் என்ஜினைப் பின்னால் போட்டதும் பார்ஜ் தானாக வந்து படியும், பார்க்கிறவருக்கு மந்திரம் மாதிரி இருக்கும். தப்பான பக்கம் கட்டினால் கடைசி நிமிடத்தில் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும், பெர்த்தில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இன்னொன்று, சரக்கு ஏற்றிய பார்ஜைவிடக் காலிப் பார்ஜ்தான் தொல்லை. ஏற்றியது கனம், மெதுவாகக் கேட்கும், ஆனால் கேட்கும். காலியானது தண்ணீருக்கு மேல் சுவர் மாதிரி எழுந்து காற்றுக்குப் பாய்மரமாகிவிடும், டக்கை ஓட்டுகிற வீல்ஹவுஸ் அறையில் இருந்து அதன் மறுபக்கம் தெரியாது, பார்ஜின் முன்னால் ஓர் ஆள் ரேடியோவோடு நின்று 'இன்னும் இருபது மீட்டர், பத்து, ஐந்து' என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்த ஆளைத் தேடிப் பாருங்கள், இருப்பான்.

ஆற்றில் நடப்பது வேறு உலகம். அங்கே தட்டையான மூக்குள்ள படகு பார்ஜுகளின் பின்னால் நின்று தள்ளும். மேல் மிசிசிப்பியில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 15 பார்ஜ் ஒரே கட்டாகப் போகும், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1,500 டன். அலை இல்லாத இடத்தில்தான் அது சாத்தியம்.

இனி ஜன்னலில் உட்காரும்போது கப்பலின் பக்கத்தில் வெள்ளையாக எழுதியிருக்கும் 'டக்' என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள், கூடவே கோடோ அம்புக்குறியோ இருக்கும். உள்ளே சட்டங்கள் வலுவாக இருப்பதால் அங்கே தள்ளலாம் என்று அர்த்தம், அந்த இடத்தைவிட்டு நாலு மீட்டர் தள்ளி மூக்கை வைத்தால் தகடு அமுங்கும். டக்கில் இருந்து சின்னதாக ஒரு ஹார்ன் கேட்டால், சில துறைமுகங்களில் அது பைலட் ரேடியோவில் சொன்னதற்கு 'சரி' என்ற பதில்.

இரவில் பார்ப்பதாகவும் சொன்னீர்கள், அதற்கு விளக்கு போதும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்கு தெரிந்தால் டக் எதையோ இழுக்கிறது, அல்லது தள்ளிக்கொண்டோ பக்கத்தில் கட்டிக்கொண்டோ போகிறது. மூன்று வெள்ளை என்றால், டக்கின் பின்புறத்தில் இருந்து இழுபடுவதன் கடைசி வரை 200 மீட்டருக்கு மேல். பின்னால் இருந்து பார்க்கும்போது வெள்ளைக்கு மேலே மஞ்சள் இருந்தால் கயிறு பின்னால் போகிறது. இது சர்வதேசக் கடல் விதி, சில உள்நாட்டு நீர்வழிகளில் விளக்கு கொஞ்சம் மாறும். மூன்று விளக்கைப் பார்த்ததும் பின்னால் வெகுதூரம் வரை கண்ணை ஓட்டுங்கள். முதலில் வெறும் இருட்டுதான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சையோ சிவப்போ, தனியாக, மிக மங்கலாக நகர்ந்து வரும். அதுதான் பார்ஜ். என்றைக்காவது சின்னப் படகில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், டக் போய்விட்டதே என்று அந்த இருட்டுக்குள் மட்டும் குறுக்கே நுழையாதீர்கள், வடம் அங்கேதான் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.